"நான் யாரு, சொல்லு பாப்போம்?"

நீளமான பதிவு. நடுவில் கோபம் வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் வில்லாபுரம் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு குட்டி. பெயர் வேண்டாம். சிறுமூளையில் கட்டி, மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற வகை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் "அம்மா, தண்ணி" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். அதற்கடுத்த நாள் பேச்சு நின்றுபோனது. அழுகை மட்டும்தான்.

அப்புறம் போய்ச் சேர்ந்தோம் நாம். ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம், கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். வந்தவர் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "நான் யாரு, சொல்லு பாப்போம்?" சித்தி கேட்டார், பெரியப்பா கேட்டார், மாடிவீட்டுக்காரர் கேட்டார். நானும் கேட்டேன். முப்பத்து நாலு வருஷம் கேள்வி கேட்டே பழகிய வாய். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பிடிவாதம்" என்றார் ஒருவர். "பாண்டி கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் மந்திரிச்சு கயிறு கட்டுங்க" என்றார் இன்னொருவர். "டாக்டர் ஏதோ நரம்பை வெட்டிட்டாரு" என்றார் மூன்றாமவர், பெற்றவள் முன்னாலேயே.

பாண்டி முனி மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் இது காத்துக் கருப்பு இல்லை, பிடிவாதமும் இல்லை. இந்த இடத்துக் கட்டியை எடுத்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி ஆவதுண்டு. செரிபெல்லர் மியூட்டிசம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் பேச்சு நிற்கும், கை கால் தளரும், காரணம் தெரியாமல் அழும். பேச்சு திரும்பச் சில வாரம், சிலருக்குச் சில மாதம். திரும்பும்போதும் இழுத்து இழுத்துத்தான் வரும். அதுவரை வாய்தான் அடைத்திருக்கிறது, காது அடைக்கவில்லை. நீங்கள் கட்டிலோரம் பேசிய அத்தனையும் அவளுக்குக் கேட்டது.

வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். இன்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. கூலி வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கும் மூளையில் ஆபரேஷன் நடக்கிறது. கத்தி பிடிக்கிறவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். மிச்ச வேலை நம்முடையது. அதில்தான் தோற்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். பேச்சு கொஞ்சம் திரும்பிவிட்டது. வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் கதிர்வீச்சும் முடிந்தது. ஊசி மருந்து இன்னும் பல மாதம் ஓடும். இந்த நேரத்தில் அவள் பள்ளியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, "டிசி வாங்கிக்கோங்க, சரியானதும் பார்ப்போம்" என்றிருக்கிறார்கள். மற்ற பெற்றோர் பயப்படுகிறார்களாம். எதற்குப் பயம்? கட்டி என்ன அம்மையா, ஒட்டிக்கொள்ள?

கல்வி உரிமைச் சட்டம் 2009, பதினாறாம் பிரிவு: தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. தனியார் பள்ளிக்கும் இதே சட்டம்தான். வர முடியாத நாட்களுக்கு, சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வர ஏற்பாடு இருக்கிறது. வட்டார வள மையத்தில் கேட்டால் சொல்வார்கள். பள்ளி அதைச் சொல்லவே இல்லை.

திரும்பி வருகிற பிள்ளை மெதுவாக எழுதும், சீக்கிரம் களைக்கும். கதிர்வீச்சுக்குப் பின் மறதியும் வரலாம். விறுவிறுவென்று எழுதுவதே கெட்டிக்காரத்தனம் என்று மார்க் போட்டவன்தான் நானும். கேட்டால் கூடுதல் நேரம் கொடுங்கள், முன் பெஞ்சில் உட்காரவையுங்கள், மத்தியானம் படுக்க ஒரு பாய் போடுங்கள். ஒரு பாய்க்கு என்ன செலவு?

அவள் பள்ளியில் என் பழைய மாணவிகள் இருவர் வேலை பார்க்கிறீர்கள். ஒருத்தி போனில், "மேனேஜ்மென்ட் முடிவு சார், நாங்க என்ன செய்ய?" என்றாய். வாயைத் திறக்கலாம் அம்மா. உனக்குப் பேச்சு வருகிறதே.

திங்கட்கிழமை முதல் மணிக்கு அவள் அப்பாவோடு நானும் வருகிறேன். சட்டத்தின் நகல் கையில் இருக்கும். மூன்றாம் வகுப்பில் அவள் பெஞ்சை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.