போர் பாயின்ட் சொல்பவருக்கு யார் பொறுப்பு? நிலவியலாளருக்குத் தேவை பல் உள்ள சங்கம்

மோகனூரில் காவிரியை ஒட்டிய வயல்களில் தண்ணி கிடைப்பது பெரிய விஷயமில்லை. கரையை விட்டு நாமக்கல் பக்கம் நகர்ந்தால் கதையே வேற. கீழே கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலே மட்கிய அடுக்கிலும்தான் நீர் இருக்கும். சில அடி தள்ளிப் போட்டாலே போர் ஏமாற்றிவிடலாம்.

இடத்தைக் குறிப்பது யார்?

தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒரு பக்கம். நிலத்தில் கம்பி அடித்து, மின்சாரம் செலுத்தி, மின்தடையை அளக்கும் ஜியாலஜிஸ்ட் இன்னொரு பக்கம். நீர் நிறைந்த வெடிப்பில் மின்தடை குறையும் என்பதுதான் இதன் அடிப்படை. இதுவும் நூறு சதவீத உத்தரவாதம் இல்லை. ஆனால் காரணம் கேட்கலாம், அளவைச் சரிபார்க்கலாம்.

சிக்கல், ‘ஜியாலஜிஸ்ட்’ என்று யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடிக்கலாம் என்பதுதான். அடிக்கணக்கில் காசு கொடுக்கும் விவசாயிக்கு, சர்வேயே ஒழுங்காக நடக்கவில்லை என்றால் முறையிட இடமில்லை. திருச்செங்கோட்டு ரிக் உரிமையாளர்களுக்கு, டீசல் ஏறினால் அடி ரேட்டை ஏற்றும் அளவுக்கு வலுவான சங்கம் உண்டு. பாயின்ட் சொல்பவருக்கோ அப்படி எதுவும் இல்லை.

சங்கமே இல்லையா?

இருக்கிறது. 1920-ல் தொடங்கிய இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் ‘சார்ட்டர்ட் இன்ஜினியர்’ தகுதி தருகிறது. 1958-ல் பெங்களூருவில் உருவான இந்திய நிலவியல் கழகம் ஆய்விதழ் நடத்துகிறது. நல்ல வேலைதான். ஆனால் ஆடிட்டருக்கு 1949, வக்கீலுக்கு 1961, ஆர்க்கிடெக்டுக்கு 1972 என நாடு முழுமைக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. நிலவியலாளருக்கு அப்படி ஒன்று இல்லை.

வெளியே எப்படி?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொறியாளர்களுக்கான அமைப்பு 1920-லேயே வந்தது. 1990-ல் நிலவியலாளர்களும் சேர்ந்தார்கள். பதிவு செய்தவர் பெயரை யாரும் பார்க்கலாம், புகார் தரலாம். 2014-ல் அங்கே மவுன்ட் பாலி சுரங்கக் கழிவு அணை உடைந்தபோது, அந்த அமைப்பே பொறியாளர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது.

லைசென்ஸ் வந்தால் லஞ்சமும் வருமே?

நியாயமான பயம். அதனால் முதல் நாளே சட்டம் வேண்டாம். சங்கங்கள் சேர்ந்து மாவட்டவாரியாகப் பதிவுப் பட்டியல் வெளியிடலாம். சர்வே ரிப்போர்ட்டில் என்னென்ன அளவு இருக்கணும் என்று சொல்லலாம். புகார்க் குழு ஒன்றை வைத்து, தீர்ப்பைத் தமிழிலேயே வெளியிடலாம்.

இதில் லாபம் விவசாயிக்கு மட்டுமில்லை. சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் பெரியார் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் படித்து வரும் இளைஞர், இன்று தேங்காயோடு ரேட்டில்தான் போட்டி போடுகிறார். பொறுப்பேற்கும் சங்கம் பின்னால் நின்றால், அவர் தரத்தில் போட்டி போடலாம்.