கதை என்றால் பொய்யா?

ராயபுரத்தில் ஒரு கூட்டம். நான் பேசி உட்கார்ந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து, “கதைதானே ஐயா, நடந்ததையா எழுதுகிறீர்கள்?” என்றார். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதையைப் பொய்யின் கணக்கில் எழுதியவர் யார்? வடமொழியில் அதன் வேருக்குச் சொல்லுதல் என்றே பொருள். யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘கதைக்கிறார்கள்’. பேசுகிறார்கள் என்று அர்த்தம், புளுகுகிறார்கள் என்றல்ல! ஆங்கில ‘ஸ்டோரி’யும் நல்ல குடிப்பிறப்புதான். லத்தீன் ‘ஹிஸ்டோரியா’ அதன் தாய். சரித்திரமாகிய ‘ஹிஸ்டரி’ உடன்பிறப்பு. கிரேக்க மூலத்துக்கு விசாரித்தறிதல் என்று பொருள். அங்கேயும் குழந்தையை அதட்டும்போது ‘ஸ்டோரி’ பொய்யாகிவிடுகிறது, வாஸ்தவம். பொய்யன் கதையின் வேஷத்தைப் போட்டுக்கொண்டால் அது கதையின் குற்றமா?

பெரியவருக்குத் திருவொற்றியூர் தூரமில்லை. ‘உன்னைப் பிரியேன்’ என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ய வேண்டும் சுந்தரருக்கு. சந்நிதியில் செய்தால் மீற முடியாதே! அதனால் சிவனை மகிழ மரத்துக்குப் போய் இருக்கச் சொன்னார். சிவனோ, மரத்தடியிலேயே சத்தியம் கேட்கும்படி அவளுக்குச் சொல்லிவிட்டார். பிறகு வாக்கை மீறி ஊரெல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. தம்பிரான் தோழரையே பொய்க்காகத் தண்டித்த கதை, ஐயா, இது! மாசியில் மகிழடி சேவைக்குக் கூடுகிறவர்களிடம் போய், இது நடந்ததா என்று பெரியவர் கேட்கட்டும், பார்ப்போம்.