பரம்பரை என்னும் பழியை விடுவோம்

தொழுநோய் என்று உறுதிசெய்தவுடன், நோயாளியின் உறவினர் ஒருவர் தனியே வந்து கேட்பதுண்டு: "இது பரம்பரை வியாதியா டாக்டர்? பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம்." அன்று என்பதே என் விடை. தொழுநோய் கிருமியால் வருவது. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் அக்கிருமியைக் கண்டறிந்தார். ஒரே வீட்டில் இருவருக்கு வருவதற்கு, நெடுநாள் நெருங்கி வாழ்வது முக்கியக் காரணம். எதிர்ப்பாற்றல் ஆளுக்கு ஆள் வேறுபடலாம். ஆனால் கிருமியின்றி இந்நோய் இல்லை.

எனினும் மரபணுக்களுக்கு இந்நோயில் வேறொரு தொடர்பு உண்டு. கைகால்களின் நரம்பிழைகள் பலவற்றை, மின்கம்பியின் உறைபோல, மயலின் என்னும் கொழுப்புறை சூழ்ந்துள்ளது. செய்திகள் விரைந்து செல்ல அது உதவுகிறது. அவ்வுறையை உருவாக்குபவை ஷ்வான் செல்கள். கருவிலுள்ள முதிராத செல் ஷ்வான் செல்லாக வளரவும், பின் அவ்வாறே நிலைத்திருக்கவும் 'சாக்ஸ் 10' முதலிய மரபணுக்கள் இயங்க வேண்டும்.

தொழுநோய்க் கிருமி விரும்பிக் குடியேறுவது இச்செல்களில்தான். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி புகுந்த எலியின் ஷ்வான் செல்களில் சாக்ஸ் 10 அடங்கியது. அவை தம் இயல்பை இழந்து முதிராத நிலைக்குத் திரும்பின. எலிச்செல்லில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு: அங்கே மரபணுவை அடக்கியது கிருமி, பெற்றோர் தந்த குறையன்று.

ஆகவே மறைப்பதால் குடும்பத்துக்கு நன்மை ஏதுமில்லை; நரம்புக்குக் கேடுதான். மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் இழந்த உணர்ச்சியைப் பெரும்பாலும் மீட்டுத் தராது. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சியற்ற கையில் நேரும் சூடும் காயமும் கவனிக்கப்படாமையே அவற்றைச் சிதைக்கிறது என்பதை வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் உலகுக்கு உணர்த்தினார்.

தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரும் வழியை, 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் நீக்கிவிட்டது. சட்டம் விட்டொழித்த பழியை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல், கைகால் மரத்துப்போதல் ஆகியவை தென்பட்டால் உடனே காட்டுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் உட்கொண்டால் போதும். உடன் வசிப்போரும் பரிசோதனைக்கு வரட்டும். மகளின் திருமணத்தை எண்ணி அஞ்சும் பெற்றோருக்கும் நான் சொல்வது இதுவே: மாப்பிள்ளை பார்ப்பது நடக்கட்டும், மருந்தை இன்றே தொடங்குங்கள்.