காப்பீட்டு அட்டை காய்ச்சலுக்கு ஆகாது

"முதலமைச்சர் காப்பீடு இருக்கு, பிள்ளைக்கு ஒண்ணுன்னா அரசாங்கம் பார்த்துக்கும்." தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. மேடை ஏறுகிறவர்கள் ஒரு படி மேலே போய், ஏழைக் குழந்தைகளின் மருத்துவச் செலவு என்ற பிரச்சினையே இங்கே தீர்ந்துவிட்டது என்கிறார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற தொகை காதுக்கு இனிமையானதுதான். ஆனால் இந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. குழந்தைகளைப் பொறுத்தவரை பாதிகூட இல்லை.

காப்பீடு செய்ததை முதலில் சொல்லிவிடலாம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அந்த இடத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018க்குப் பின் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் சேர, தொகை 5 லட்சமாக உயர்ந்தது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை, காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி என்று, சொத்தை விற்றாலும் கைக்கு எட்டாதவற்றை இத்திட்டம் எட்ட வைத்தது. இதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம்.

ஆனால் எத்தனை பிள்ளைகளுக்கு இதய அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது? எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வீசிங், சொறி, பூச்சித் தொல்லை, ரத்தசோகை. இவற்றுக்கு யாரும் ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பதில்லை. சில பரிசோதனைகளும் தொடர் சிகிச்சைகளும் நீங்கலாக, அட்டை செல்லுபடியாவது உள்நோயாளியாகச் சேர்ந்த பிறகுதான். டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மெடிக்கல் கடை பில் எல்லாம் சட்டைப்பையிலிருந்துதான் போக வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையும் தாயின் அன்றைய கூலியும் அதோடு போகிறது. இந்தச் சில்லறைச் செலவுதான் மாதாமாதம் கடன் வாங்க வைக்கிறது.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. காப்பீடு தொடங்கிப் பத்தாண்டு கழித்து எடுத்த கணக்கு இது. இரும்புச்சத்து சொட்டு மருந்தும் குடற்புழு மாத்திரையும் நல்ல சாப்பாடும் கேட்கும் நோய்க்கு 5 லட்சம் ரூபாய் அட்டை என்ன செய்யும்?

"காப்பீடு வந்த பிறகுதானே குழந்தைச் சாவு குறைந்தது?" என்று கேட்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. ஆயிரம் பிறப்புக்கு 2000இல் 51 ஆக இருந்த சிசு மரண விகிதம், காப்பீடு வருவதற்கு முந்திய 2008லேயே 31க்கு இறங்கிவிட்டது. 2020இல் 13 ஆனது. அந்த ஆண்டு இந்தியாவின் சராசரி 28. அந்த இறக்கத்தைத் தொடங்கிவைத்தவர்கள் வீடு வீடாகப் போன கிராம சுகாதாரச் செவிலியர்கள். ஆரம்ப சுகாதார நிலையப் பிரசவம், தடுப்பூசி, 1995 முதல் அரசு மருந்துக் கழகம் தடையின்றி அனுப்பிய மருந்து ஆகியவை அவர்களுக்குத் துணை நின்றன. பிள்ளைகளைக் காத்தது இந்த அடித்தளம்.

அந்த அடித்தளத்தில்தான் இன்று ஓட்டைகள். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்ப்பது பெரும்பாலும் பகலில். கூலி வேலை முடிந்து வரும் பெற்றோருக்குப் பிள்ளையின் உடம்பு சுடுவது தெரிவது பொழுது சாய்ந்த பிறகு. அப்போது திறந்திருப்பது தனியார் கிளினிக்கும் மெடிக்கல் கடையும்தான். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து குறைபாட்டைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் மேல் சிகிச்சைக்கு மாவட்டத் தலைநகருக்குத் திரும்பத் திரும்ப அலைய வேண்டும். பஸ் செலவும் இழந்த கூலியும் சேர்ந்து பாதி வழியில் பெற்றோரை நிறுத்திவிடுகின்றன.

அட்டை வாங்குவதற்கும் ஒரு வேலி உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் உண்மை வருமானத்தைச் சொன்னால் அட்டை இல்லை. குறைத்துச் சொன்னால் உண்டு. பிள்ளைக்கு மருத்துவம் வேண்டுமானால் பொய் சொல் என்று பெற்றோருக்குக் கற்பிக்கும் விதி இது. சொல்லத் தெரியாதவர்களும் அலைய முடியாதவர்களும் வெளியே நிற்கிறார்கள்.

புறநோயாளிச் செலவையும் ஏற்றால் கஜானா தாங்காது என்பது அடுத்த வாதம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்து உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த திட்டம் அது. மருத்துவத்தைச் சந்தைக்கு விட்ட அமெரிக்காவிலேயே, 1997இல் குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகளுக்காக வந்த காப்பீடு வழக்கமான பரிசோதனையையும் தடுப்பூசியையும் ஏற்கிறது. கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கும் வீட்டு வேலை செய்பவரின் பிள்ளைக்கும் மட்டும் ஏன் முடியாது?

செய்ய வேண்டியவை தெளிவானவை. 18 வயதுக்கு உட்பட்ட எவருக்கும் வருமானச் சான்று கேட்கக் கூடாது. கிராமத்து நிலையங்களிலும் மாலையில் டாக்டர் இருக்க வேண்டும். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் குழந்தை மருத்துவர் வேண்டும். மேல் சிகிச்சைக்கு அனுப்பும் பிள்ளைக்கும் உடன் போகிறவருக்கும் பயணச் செலவு தர வேண்டும்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் "காப்பீட்டை 10 லட்சமாக்குவோம்" என்றால் கை தட்டாதீர்கள். "ராத்திரி ஏழு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், காசில்லாமல் நாங்கள் எங்கே போவது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாதவரிடம் குழந்தை நலத் திட்டமும் இல்லை.