கையில் பலம் இருந்தால் மட்டும் போதுமா?

என் முதல் கயாக் பயணம் 20 நிமிடங்களில் முடிந்தது. உயர்நிலை மூன்றில், பள்ளி முகாமில் நடந்தது அது. என் உயரம் 152 சென்டிமீட்டர். எனக்கு முன்பு அந்தப் படகில் உட்கார்ந்தவர் நல்ல உயரம் போலும். கால் வைக்கும் மிதிகள் அவர் விட்ட இடத்திலேயே இருந்தன. என் பாதங்கள் எட்டவில்லை. பக்கவாட்டில் வந்த ஒரு சிறிய அலைக்கே கவிழ்ந்தேன். “உனக்குக் கையில பலம் பத்தாது” என்றார்கள். நம்பிவிட்டேன். வீட்டில் பாட்டி, “இவளுக்குத் தண்ணியில கண்டம், அப்பவே சொன்னேன்” என்று கதையை முடித்துவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு ஒரு தோழி வற்புறுத்தியதால் மீண்டும் போனேன். அங்கிருந்த பயிற்றுநர் எங்களைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. முதலில் மணலில் வைத்த படகில் உட்காரச் சொன்னார். முன்பாதம் மிதியில் பதிகிறதா, முழங்கால் லேசாக மடங்கித் தொடை படகின் மேல்தட்டைத் தொடுகிறதா, இடுப்பு இங்குமங்கும் வழுக்காமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. கவிழ்ந்தால் சட்டென்று வெளியே வர வேண்டுமே! உயிர்காப்பு அங்கியையும் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். காதுவரை ஏறினால் அது நமக்கு உரிய அளவல்ல.

அன்றுதான் புரிந்தது. துடுப்பை இழுப்பது கை மட்டுமல்ல. கால் மிதியை உதைக்க, இடுப்புக்கு மேல் உடல் திரும்ப, அந்த விசைதான் துடுப்புக்குப் போகிறது. கால் எட்டாதவருக்கு மிஞ்சுவது கை மட்டும்தான். அது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

நம் கடலில் பலத்தைவிட நேரம் பார்ப்பது முக்கியம். நீரேற்றமும் நீரிறக்கமும் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை வரும். சாங்கிக்கும் புலாவ் உபினுக்கும் இடையில் நீரோட்டம் எதிராக இருக்கும்போது, உடற்பயிற்சிக்கூடமே கதியென்று கிடக்கும் அண்ணன்கள்கூட முழு மூச்சாகத் துடுப்புப் போட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் கருத்து இது. பள்ளிகளும் மன்றங்களும் முதல் வகுப்பில் தூரம் போவதை விட்டுவிட்டு, படகைப் பொருத்திக்கொள்வதையும் கவிழ்ந்து வெளியே வருவதையும் மட்டும் சொல்லித் தர வேண்டும். 20 பேருக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்பார்கள். மிதியை நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகாது.

நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். குள்ளமானவர்கள் மட்டுமல்ல, “உனக்கெல்லாம் படகு தாங்காது” என்ற கேலிக்குப் பயந்து ஒதுங்கும் பருமனான நண்பர்களும்தான். அகலமான படகுகள் இருக்கின்றன, கேட்டால் கிடைக்கும்.

நான் ஒன்றும் வல்லவளாகிவிடவில்லை. கவிழ்ந்த படகை விட்டு வெளியேறாமல் அப்படியே நிமிரும் வித்தை இன்னும் எனக்குக் கைவரவில்லை. போன வாரமும் மூக்கு நிறைய உப்புத்தண்ணீர்தான்.