எரிவாயு திரும்பி வந்துவிட்டது. உலையை உடனே ஏற்றலாமா?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் கேஸ் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. வீடுகளும் கார்களும் எரிந்த காட்சிகளை எல்லாரும் பார்த்தோம். அதிகம் பேசப்படாத இன்னொரு விளைவும் இருந்தது. தொழிற்சாலைகளுக்குப் போகும் எரிவாயு குறைக்கப்பட்டதால், கையுறை உற்பத்தி உள்ளிட்ட துறைகளில் பர்னர்கள் அணைந்தன.

அப்போது பலர் கேட்டது இதுதான்: எல்.பி.ஜி.யை வைத்து ஓட்டிவிட்டு, எரிவாயு வந்ததும் மாற்றிக்கொண்டால் என்ன? வீட்டில் கேஸ் தோம்பு மாற்றுவதுபோல இது அவ்வளவு சுலபமான வேலை இல்லை.

எல்.பி.ஜி.யை அப்படியே மாட்டலாமா?

கூடாது. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரிய ஏறக்குறைய 10 பங்கு காற்று போதும். எல்.பி.ஜி.யில் உள்ள புரோப்பேனுக்கு 24 பங்கும், பியூட்டேனுக்கு 31 பங்கும் தேவை. அதே நாசில், அதே பிரஷர் என்று விட்டுவிட்டால் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். காற்றோ பழைய அளவுதான் இருக்கும். பற்றாத காற்றில் எரியும் தீ கரியைக் கக்கும். மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, மீத்தேன் காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்விடும். எல்.பி.ஜி. கனமானது, தரையில் உள்ள பள்ளங்களில் தேங்கி நிற்கும். கூரைப் பக்கம் கசிவுக் கருவி வைத்திருக்கும் தொழிற்சாலைக்கு அது கண்ணில் படாமலே போகலாம்.

முன்கூட்டியே திட்டமிட்ட நிறுவனங்கள், எல்.பி.ஜி.யுடன் அளவாகக் காற்றைக் கலந்து இயற்கை எரிவாயுவின் குணத்துக்குக் கொண்டுவரும் கருவியை வைத்திருக்கும். அப்படியானால் பர்னரைத் தொட வேண்டியதில்லை. அது இல்லாத இடத்தில் நாசில், பிரஷர், காற்று மூன்றையும் புதிதாக அமைத்து, புகைபோக்கியில் கருவி வைத்து அளந்துதான் ஓட்ட வேண்டும். பழைய எரிவாயு திரும்பியதும் மறுபடி அதே வேலை.

ஆபத்து எப்போது?

உலை எரிந்துகொண்டிருக்கும்போது அல்ல, அதை மீண்டும் ஏற்றும் அந்தச் சில நிமிடங்களில்தான். நின்றிருந்த நேரத்தில் ஏதாவது ஒரு வால்வு லேசாகக் கசிந்திருந்தால், உலைக்குள் எரிவாயு நிறைந்திருக்கும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால், ஒரு தீப்பொறி போதும்.

அதனால்தான் முதலில் புளோவரை ஓடவிட்டு உள்ளே இருப்பதை வெளியே தள்ள வேண்டும். உலையின் கொள்ளளவைப்போல் குறைந்தது 4 மடங்கு புதுக்காற்று உள்ளே போக வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 86 தரநிலை. 20 கனமீட்டர் உலை, நிமிடத்துக்கு 40 கனமீட்டர் தள்ளும் புளோவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2 நிமிடம். அவ்வளவுதான். அதன்பிறகு சிறு பைலட் தீ. அதை சென்சார் பார்த்து உறுதிசெய்த பிறகே பெரிய வால்வு திறக்கும். தீ அணைந்தால் சில விநாடிகளுக்குள் வால்வுகள் தாமாக மூடிக்கொள்ளும்.

பற்றவில்லையா? மறுபடி காற்றுத் தள்ளுவதிலிருந்து தொடங்க வேண்டும். ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவது, எரியாத எரிவாயுவை ஒவ்வொரு முறையும் உள்ளே சேர்ப்பதற்குச் சமம்.

அந்தச் சின்ன வயர்

பராமரிப்பில் நடக்கும் மோசமான குறுக்குவழி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சென்சாரின் கண்ணாடியில் தூசு படிகிறது. தீ எரிந்தாலும் அதற்குத் தெரியவில்லை. உலை அடிக்கடி நின்றுபோகிறது, உற்பத்தி தாமதமாகிறது, மேலிருந்து போன் வருகிறது. "இப்போதைக்கு ஒரு வயர் போட்டு ஓட்டு" என்று யாரோ சொல்ல, பாதுகாப்புச் சுற்று துண்டிக்கப்படுகிறது. அந்த 'இப்போதைக்கு' மாதக்கணக்கில் நீளும். துணியால் கண்ணாடியைத் துடைத்திருந்தால் முடிந்துபோகிற வேலை!

பில்டர் அடைப்பும் இப்படித்தான். அடைத்த பில்டரால் காற்று குறையும், தீ கெடும். அதற்குப் பயந்து காற்றை அளவுக்கு மேல் திறந்துவிட்டால் காசு புகைபோக்கி வழியே போகும். புகை 1,000 டிகிரி செல்சியஸில் வெளியேறும் உலையில், காற்றைச் சரியாக வைத்தாலே ஏறக்குறைய பாதி வெப்பம் அதோடு போய்விடுகிறது. தேவைக்கு மேல் 10 முதல் 15 விழுக்காடு கூடுதல் காற்று பெரும்பாலும் போதுமானது.

யார் பொறுப்பு?

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி, அதைச் சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளருக்கு உண்டு.

கிள்ளான், ஷா ஆலம் பக்கம் பர்னர் அறையில் ஷிப்ட் பார்ப்பவராக நீங்கள் இருந்தால், பொறுப்பேற்கும்போது கண்ட்ரோல் பெட்டியில் எங்காவது வயர் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், தேதியோடு லாக் புத்தகத்தில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை நாளைக்கு யாரும் சொல்லவே இல்லை என்று மறுத்துவிடலாம்.