வாட்ஸ்அப் குரூப்பிலும் தீண்டாமைச் சுவர்

தோக்கமூர் தீண்டாமைச் சுவர் பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் கும்மிடிப்பூண்டி வட்டத்தில்தான் அந்த ஊர் இருக்கிறது. தலித் மக்களை மறித்து நின்ற அந்தச் சுவரை 2022 அக்டோபரில் அதிகாரிகள் இடித்தார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த சுவர். படம் எடுத்து மனு கொடுக்க முடிந்தது. போன மாதம் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் மாணவி ஒருவர் காட்டிய சுவரை எந்த அதிகாரி வந்து இடிப்பார்?

அவர் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நோட்ஸ், தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி எல்லாம் அதில்தான் வரும். கொஞ்ச நாளாக அதில் ஒன்றும் வரவில்லை. விசாரித்தால், மற்றவர்கள் சேர்ந்து இன்னொரு குரூப் தொடங்கிவிட்டார்கள். காலனிப் பிள்ளைகள் நான்கு பேரை மட்டும் சேர்க்கவில்லை. அசைன்மென்ட் தேதி முடிந்த பிறகுதான் இவர்களுக்குத் தெரிகிறது. இன்டர்னல் மார்க் குறைகிறது. ஆசிரியரிடம் சொன்னதற்கு, "அது பசங்க தனியா வெச்சிருக்கிறதும்மா, காலேஜ் என்ன பண்ண முடியும்?" என்று பதில் வந்திருக்கிறது.

பாடம் அங்கே போகிறது, மார்க் அதை வைத்துத்தான் விழுகிறது என்றால் அது எப்படித் தனி விஷயம் ஆகும்? டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவரும் "என் கடை, என் இஷ்டம்" என்றுதானே சொன்னார்?

ஆன்லைனில் சாதி இல்லை, எல்லோரும் சமம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு 2021 ஏப்ரலை நினைவூட்டுகிறோம். கரக்பூர் ஐஐடியில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பு ஆன்லைனில் நடந்தது. அதில் ஓர் இணைப் பேராசிரியர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டினார். எங்கே வேண்டுமானாலும் போய்ப் புகார் செய்யுங்கள் என்று சவாலும் விட்டார். அந்த வீடியோ சமூக வலைத்தளங்களில் பரவியது. அம்பேத்கரிய மாணவர் அமைப்புகள் விடவில்லை. அடுத்த மாதமே அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்மம் வந்ததும் திரை வழியாகத்தான், அதை அம்பலப்படுத்தியதும் திரை வழியாகத்தான். அதனால்தான், "எப்பப் பாரு போனை நோண்டிக்கிட்டு" என்று பிள்ளைகளைத் திட்டும் நம் பெரியவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. நூலகம் இல்லாத தெருவில் அந்தப் போன்தான் நூலகம்.

ஆனால் அந்தப் போனையே கல்லூரியாக்கப் பார்க்கிறார்களே, அங்கேதான் எங்களுக்குப் பயம். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்துக்கு. கணினி இருந்தது 4.4 சதவீதத்துக்கு. இந்த நிலையில்தான் 2020இல் வகுப்புகள் போனுக்கு வந்தன. தமிழகக் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா வந்தது 2021 ஜனவரியில். அதற்குள் எத்தனை பேரின் படிப்பு நின்றது என்று யார் கணக்கெடுத்தார்கள்? அதே 2021இல் யுஜிசி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம் என்று விதி கொண்டுவந்தது. பாடம் இலவசம். சான்றிதழுக்கான தேர்வுக்குக் கட்டணம்.

சிப்காட் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இதன் விளைவு தெரியும். "பாடம்தான் போன்லயே வருதே, ஷிப்ட்டுக்கு வா" என்று கான்ட்ராக்டர் கூப்பிடுகிறார். வீட்டில் கடன். பையன் போகிறான். இரவு ஷிப்ட் முடித்து வந்து, வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிவிடுகிறான். பட்டியலில் அவன் மாணவன், உண்மையில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. நமக்குக் கல்லூரி என்பது பாடம் மட்டுமா? காலனியை விட்டு ரயிலேறிப் போய், எல்லோரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, சங்கம் சேர்ந்து பழகுகிற இடம் அது. அந்த இடத்தை வாங்க நம் முன்னோர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதை ஒரு லிங்க்குக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பாடம் தொடர்பான குரூப் எதுவானாலும் கல்லூரியே நடத்த வேண்டும், வகுப்பில் உள்ள அத்தனை பேரும் அதில் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகள் எல்லாவற்றிலும் கணினியும் வைஃபையும் வேண்டும். ஆன்லைன் பாடம் வகுப்புக்குத் துணையாக இருக்கட்டும், வகுப்புக்குப் பதிலாக வேண்டாம்.

மாணவத் தோழர்களே, சாதிவெறி ஸ்டேட்டஸ், ரீல்ஸ் எது வந்தாலும் கடந்து போகாதீர்கள். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எழுத்து, பேச்சு, படம் எதன் வழியாகவும் நம் மீது வெறுப்பைத் தூண்டுவது குற்றம் என்கிறது 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அந்த நான்கு பிள்ளைகளும் இப்போது கல்லூரி முதல்வருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீதும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பதில் வரும் வரை நாங்களும் விடப்போவதில்லை.

ஜெய்பீம்!